தரவரிசை 640: தொடர்வதா, நிறுத்துவதா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 24 வயது. நான்கு வருடமாகத் தொழில்முறை டென்னிஸ் ஆடுகிறேன். ஒற்றையர் தரவரிசையில் ஒருமுறை 580 வரை போனேன், இப்போது 640. போன வருடம் 31 வாரம் போட்டி ஆடினேன். பெரும்பாலும் எம்15, சில எம்25 (தொழில்முறை டென்னிஸின் கீழ்மட்டப் போட்டிகள்). வந்த பரிசுப் பணம் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி முழுக்க அப்பாவின் ஓய்வுக்காலப் பணம். அவர் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதுதான் அதிகமாக வலிக்கிறது. முழங்கையில் ஆறு மாதமாக வலி. ஓய்வெடுத்தால் புள்ளி போய்விடுமே என்று ஆடிக்கொண்டிருக்கிறேன். சில வாரங்களுக்கு முன், முதல் சுற்றுக்கு முந்தைய இரவு, முதல் செட்டை விட்டுக்கொடுத்தால் பணம் தருகிறேன் என்று யாரோ ஃபோனில் செய்தி அனுப்பினார். அழித்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. நண்பர்கள் இரட்டையருக்கு மாறச் சொல்கிறார்கள். எனக்கோ இன்னும் மேலே போக முடியும் என்றுதான் தோன்றுகிறது. இது நம்பிக்கையா, பிடிவாதமா என்று எனக்கே பிடிபடவில்லை. தொடரலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

தம்பி, கடிதத்தின் நடுவில் இரண்டு மூன்று வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன அந்த ஃபோன் செய்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். இது பொறுக்காது.

நீங்கள் பணம் வாங்கவில்லை, சரி. ஆனால் டென்னிஸின் ஊழல் தடுப்பு விதிகளுக்கு அது மட்டும் போதாது. ஆட்டத்தையோ ஒரு செட்டையோ விட்டுக்கொடுக்கச் சொல்லி யார் அணுகினாலும், டென்னிஸில் ஊழலை விசாரிக்கும் ஐடிஐஏ அமைப்பிடம் கூடிய சீக்கிரம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தனியாக ஒரு குற்றம். செய்தியை அழித்துவிட்டோமே என்று தயங்காதீர்கள். எந்தத் தேதி, எந்தப் போட்டி, என்ன கேட்டார், எவ்வளவு சொன்னார், நினைவில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஃபோனைக் கேட்டால் கொடுங்கள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார்கள். பயந்துபோனேன் என்ற உண்மையையே சொல்லுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023-ல் பெல்ஜியத்தில் ஒரு சூதாட்டக் கும்பலின் தலைவனுக்கு ஐந்து ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் 180-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் பெயர் அடிபட்டது. பெரும்பாலோர் உங்களைப் போலத் தரவரிசையில் கீழே இருந்தவர்கள். அவர்களில் பலருக்குத் தொடக்கம் ஒரு சின்னத் தொகைதான், ஒரு கேம், ஒரு செட். இந்தக் கும்பல்கள் உங்கள் மட்டத்தைத் தேடி வருவது தற்செயல் இல்லை. செலவுக்கே திணறுகிறவர் யார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிடிபட்டால் அபராதம் 2,50,000 டாலர் வரை போகலாம், ஆயுள் தடையும் வரலாம். ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்குமுன் அந்தப் புகாரை அனுப்பிவிட்டால் எனக்கு நிம்மதி.

இப்போது பணத்துக்கு வருவோம். உங்கள் கடிதம் முழுக்க ஒரு குற்ற உணர்வு ஓடுகிறது: நான் சரியாக ஆடவில்லை, அதனால்தான் அப்பாவின் பணம் கரைகிறது என்று. அதில் பாதி தவறு. உலக டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் 2013-ம் ஆண்டுக் கணக்குகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தது. தொழில்முறைப் போட்டிகளில் ஆடியவர்கள் சுமார் 14,000 பேர். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பரிசுப் பணமாக ஒரு டாலர்கூடப் பார்க்கவில்லை. விமானம், தங்குமிடம், சாப்பாடு, ஸ்டிரிங் (ராக்கெட் கம்பி) போன்ற செலவுகள் ஆண்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 38,800 டாலர். பயிற்சியாளர் சம்பளம் அதில் சேரவில்லை. வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களில் 336, பெண்களில் 253. அதற்குப் பிறகு விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது உங்கள் டிக்கெட் ரசீதுகளிலேயே தெரியும். 640-ல் இருப்பவருக்குக் கை நஷ்டம் என்பது இந்தத் தொழிலின் அமைப்பு. நீங்கள் சோம்பேறியாக இருந்ததால் வந்ததில்லை.

எம்15 போட்டியின் மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒற்றையர் கோப்பையை வாங்குகிறவருக்கு 2,160 டாலர், முதல் சுற்றில் தோற்கிறவருக்கு 156. அதிலும் போட்டி நடக்கும் நாட்டின் வரியைப் பிடித்துக்கொள்வார்கள். இதையே 2024 யு.எஸ். ஓபனோடு வைத்துப் பாருங்கள். அங்கே தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறியவருக்கு 25,000 டாலர். எம்15 கோப்பையைப் பதினோரு முறை தூக்கினாலும் அது வராது. ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி 2024-ல் குறைந்தபட்ச வருமானத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தொடங்கியபோது முதல் 100 பேருக்கு 3,00,000 டாலர், 175 வரை 1,50,000, 250 வரை 75,000. வருட வருமானம் இதற்குக் குறைந்தால் மீதியை ஏடிபி போட்டுக் கொடுக்கும். நல்ல திட்டம், வரவேற்கிறேன். ஆனால் அது 250-ல் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே ஆடுகிறவர்கள் இல்லாமல் மேலே ஆடுகிறவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வியை இந்த விளையாட்டு இன்னும் நேராக எதிர்கொள்ளவில்லை. இதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு.

250-க்குள் வந்தாலும் உடனே வசதி வந்துவிடாது. இந்திய வீரர் சுமித் நாகல் 2023-ல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவர் 200-க்குள் இருந்தவர். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச்சுற்றிலிருந்து வந்து, முன்னணி வீரர்கள் பட்டியலில் இருந்த கஜகஸ்தானின் பப்லிக்கைத் தோற்கடித்தார். அந்த ஜூலையில் 68-ம் இடம். கூர்ந்து பார்த்தால் அவர் 900 யூரோவோடு இருந்தபோதும் சேலஞ்சர் (எம்25-க்கு அடுத்த மேல்மட்டப் போட்டி) கோப்பைகள் வென்றுகொண்டிருந்தார் என்பது தெரியும். கையில் பணம் இல்லாதபோதும் ஆட்டம் ஏறிக்கொண்டிருந்தது. உங்களிடம் நான் கேட்க விரும்புவது இதைத்தான்: கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் ஆட்டம் ஏறியிருக்கிறதா?

31 வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் சிக்கல் அங்கேதான். 31 வாரம் போட்டி, அதற்கான பயணம், களைப்பு, உடம்பு தேறுவதற்கான நாட்கள் எல்லாம் போக, ஆட்டத்தைத் திருத்த என்ன மிஞ்சும்? செவ்வாய்க்கிழமை முதல் சுற்றில் தோற்கிறீர்கள். அன்று இரவே அடுத்த ஊருக்கான டிக்கெட் தேடல். மாற்றினால் கட்டணம், மாற்றாவிட்டால் ஹோட்டல் வாடகை. அறையில் உட்கார்ந்து 200 மீட்டர் ரீலில் இன்னும் எத்தனை ராக்கெட்டுக்குக் கம்பி மிச்சம் என்று பார்ப்பது. ஒரு ரீலில் பதினாறு ராக்கெட் வந்தால் பெரிது. புதன்கிழமை யாராவது பந்தடிக்கக் கிடைப்பார்களா என்று நோட்டீஸ் போர்டைப் பார்ப்பது. இப்படி ஓடுகிறவர்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வருடக் கடைசியில் அதே இரண்டாவது சர்வ்தான் கையில் இருக்கும்.

இரண்டாவது சர்வை வேண்டுமென்றேதான் சொன்னேன். சேலஞ்சர் போட்டிகளுக்கு ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன் என்ற முறையில் நான் பார்த்தது: 640-க்கும் 300-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஃபோர்ஹேண்டில் கிடையாது. பேஸ்லைனில் நின்று அடிக்கும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். 4-4, 30-30 என்று ஆட்டம் சமமாக வரும். முதல் சர்வ் வலையில். இரண்டாவதைப் பயந்து மெதுவாகப் போடுகிறார், பந்து சர்வீஸ் கட்டத்தின் நடுவிலேயே குட்டையாக விழுகிறது. 300-ல் இருப்பவர் அதற்காகவே ஓரடி உள்ளே வந்து நிற்பார், அந்த ரிட்டர்னிலேயே பாயிண்ட் முடிந்துவிடும். எம்15-ல் பலர் இதைத் தண்டிக்க மாட்டார்கள், அதனால் உங்களுக்கே இந்தக் குறை தெரியாமல் போகலாம். ஒரு சர்வை மாற்ற வாரக்கணக்கில் ஆகும். முதலில் இன்னும் மோசமாகும், டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் பாயிண்ட் போவது) கூடும். செவ்வாய்க்கிழமை ஆட்டம் இருக்கிறது என்றால் யாருமே அதில் கைவைக்க மாட்டார்கள்.

உங்கள் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் குறை வேறு இடத்தில் இருக்கலாம். கடைசியாகத் தோற்ற பத்து ஆட்டங்களின் வீடியோவை ஒரு நல்ல பயிற்சியாளரோடு உட்கார்ந்து பாருங்கள். எம்15 மைதானங்களில் பல இடங்களில் இப்போது நேரலை இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

அப்புறம் முழங்கை. ஆறு மாத வலியோடு ஆடுகிறேன் என்பதை நீங்கள் தியாகம் போல எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். விளையாட்டு மருத்துவரைப் பார்த்து, சொன்னால் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். புள்ளி போய்விடும் என்கிற பயத்தைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு போட்டியில் வாங்கிய புள்ளியும் 52 வாரத்தில் கழியும், அவ்வளவுதான். போன வருடம் எந்த வாரம் எத்தனை வாங்கினீர்கள் என்று காலண்டரில் குறித்தால், பல வாரங்களுக்கு நேராக 0 அல்லது 1 என்றுதான் இருக்கும். அந்த வாரங்களில் வீட்டில் இருந்தால் நீங்கள் இழப்பது ஒன்றுமே இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஆட முடியாத காயம் என்றால் ஏடிபியில் பாதுகாக்கப்பட்ட தரவரிசை (பழைய இடத்தை வைத்துப் போட்டிகளில் சேரும் சலுகை) கேட்கலாம். அந்த நிலைக்குப் போகாமல் இருக்கத்தான் இப்போது நிறுத்தச் சொல்கிறேன்.

ஆகவே என் யோசனை: தொடருங்கள், ஆனால் இதே மாதிரி வேண்டாம். முதலில் எட்டு வாரம் போட்டியே கிடையாது. முழங்கை அனுமதிக்கிற அளவுக்குப் பயிற்சி, ஒரே பயிற்சியாளரிடம், ஒரே இடத்தில். அதற்குப் பிறகு வருடத்துக்கு 20 அல்லது 22 வாரம் போட்டி, மூன்று வாரம் ஆட்டம், இரண்டு அல்லது மூன்று வாரம் பயிற்சி என்று அடுக்கிக்கொள்ளுங்கள். குறைத்த வாரங்களில் மிச்சமாகும் விமானக் கட்டணமும் ஹோட்டல் வாடகையும் பயிற்சிக்குப் போகட்டும். தனியாக ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உங்கள் மட்டத்தில் இருக்கும் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

எங்கே ஆடுவது என்பதிலும் மாற்றம் வேண்டும். துனிசியாவின் மொனாஸ்திர், துருக்கியின் அன்டால்யா, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் ஆகிய ஊர்களில் அடுத்தடுத்த வாரங்களில் எம்15 நடக்கும். ஒரு தடவை பறந்து போனால் மூன்று வாரம் ஆடலாம், செலவு குறையும். ஆனால் அதிலேயே வருடம் முழுக்க இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அதே மைதானம், அதே எதிராளிகள், ஒன்றும் இரண்டுமாகப் புள்ளி. இந்தக் கணக்கைப் பாருங்கள்: எம்15-ல் மூன்று ஆட்டம் ஜெயித்து அரையிறுதிக்குப் போனால் 4 புள்ளி. கோப்பைக்கு 50 புள்ளி தரும் சேலஞ்சரில், பிரதான சுற்றில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் அதே 4 புள்ளி. பெரிய தொடர்கள் நடக்கும் வாரங்களிலும், ஒரே வாரத்தில் பல சேலஞ்சர்கள் குவியும்போதும், தூரத்து ஊர்களிலும் சேலஞ்சர் தகுதிச்சுற்றுப் பட்டியல் கீழே வரை இறங்கும். போன வருடப் பட்டியல்களை எடுத்து, எந்த வாரம், எந்த ஊரில், எந்த இடம் வரை ஆட்களை எடுத்தார்கள் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 20 வாரத்தில் ஆறு ஏழு வாரமாவது அங்கே போய்த் தோற்றாலும் பரவாயில்லை. 300-ல் இருப்பவரிடம் 6-4, 6-4 என்று தோற்பதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இன்னொரு விஷயம், சேலஞ்சர் ஒற்றையர் பிரதான சுற்றுக்குப் போய்விட்டால் தங்குமிடம் போட்டிக்காரர்கள் பொறுப்பு. எம்15, எம்25-களிலும் தங்குமிடம் தருபவை சில உண்டு, அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

வருமானத்துக்கு: ஜெர்மனியின் கிளப் லீக்கும் பிரான்ஸின் கிளப் போட்டிகளும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் தருகின்றன. உங்கள் மட்டத்தில் இருப்பவர்களுக்குக் கீழ்ப் பிரிவுகளில் இடம் கிடைக்கும். அந்தக் கிளப்புகளுக்கு இப்போதே எழுதத் தொடங்குங்கள், கடைசி நேரத்தில் இடம் இருக்காது. ஜெர்மானிய வீரர் டஸ்டின் பிரவுன் ஆரம்ப வருடங்களில் பெற்றோர் வாங்கிக் கொடுத்த ஒரு வேனிலேயே தங்கி ஐரோப்பா முழுக்கப் போட்டிகளுக்குப் போனார். கூடவே ஒரு ஸ்டிரிங் மெஷின், மற்றவர்கள் ராக்கெட்டுக்குக் கம்பி கட்டிக் கொடுத்துச் சம்பாதித்தார். பின்னாளில் விம்பிள்டனில் நடாலைத் தோற்கடித்தவர் அவர்தான். எல்லோருக்கும் வேன் கிடைக்காது, ஆனால் கம்பி கட்டத் தெரிந்தவருக்கு எந்தப் போட்டியிலும் வேலை உண்டு. மேல்மட்ட ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சித் துணையாகப் போவதும் நல்ல சம்பளம், செலவும் அவர்களுடையது. செரீனாவுக்குப் பல வருடம் அப்படிப் பந்தடித்த சாஷா பாஜின்தான் பிறகு ஒசாகாவின் பயிற்சியாளராகி 2018-ல் பெண்கள் டென்னிஸை நடத்தும் டபிள்யூடிஏவின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார்.

இரட்டையர் விஷயத்தில் நண்பர்கள் சொல்வதைப் பாதி ஏற்கிறேன். யுகி பாம்ப்ரி ஒற்றையரில் 83 வரை போனவர். காயங்கள் வாட்டியதால் இரட்டையருக்கு மாறி, 2025 யு.எஸ். ஓபன் அரையிறுதி வரை வந்தார். ரோஹன் போபண்ணா 43 வயதில் உலக முதலிடம் பிடித்தார். ஆனால் எம்15 இரட்டையரில் பணம் இன்னும் குறைவு, அதையும் இரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். செலவைச் சமாளிக்க மாறுவதென்றால் பலன் இல்லை. ஆடுவதற்காக மாறலாம். இப்போதைக்கு ஒவ்வொரு வாரமும் இரட்டையரிலும் பதிவு செய்யுங்கள், முடிந்தவரை ஒரே ஜோடியோடு. சர்வ், ரிட்டர்ன், வலையோர ஆட்டம் மூன்றும் தேறும். ஒற்றையரில் செவ்வாய்க்கிழமை தோற்றாலும் அந்த வாரம் வீணாகாது.

நம்பிக்கையா பிடிவாதமா என்று கேட்டிருந்தீர்கள். 2025 அக்டோபரில் 204-ம் இடத்திலிருந்த மொனாக்கோவின் வாஷெரோ, ஷாங்காய் மாஸ்டர்ஸ் என்ற பெரிய தொடரையே வென்றார். அந்தச் செய்தியை வைத்து உங்களை உற்சாகப்படுத்த நான் தயாராக இல்லை. அவர் அதற்கு முன்பே சேலஞ்சர் கோப்பைகளை வென்றவர். உங்களுக்கு நான் தருவது ஒரு சோதனை. எட்டு வாரப் பயிற்சி முடிந்த நாளிலிருந்து 52 வாரம், புள்ளிகளின் ஒரு முழுச் சுற்று. முடிவில் தரவரிசை எண்ணைப் பார்க்காதீர்கள், அது தாமதமாகத்தான் பேசும். 250-க்கும் 400-க்கும் நடுவில் இருப்பவர்களை எத்தனை முறை தோற்கடித்தீர்கள்? சேலஞ்சர் தகுதிச்சுற்றைத் தாண்டினீர்களா? பிரதான சுற்றில் ஒன்றிரண்டு வெற்றியாவது வந்ததா? வந்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஐடிஎஃப் கணக்கின்படி, முதல் புள்ளி வாங்கிய நாளிலிருந்து முதல் 100-க்குள் வர, வந்தவர்களுக்கே சராசரியாக ஐந்து வருடத்துக்குப் பக்கம் ஆகியிருக்கிறது. 27 வயது அதிகமில்லை. ஒன்றும் வரவில்லை, எம்15 காலிறுதிகள் மட்டும்தான் என்றால் ஒற்றையரை நிறுத்திவிடுங்கள். அது என் தெளிவான கருத்து. அந்த ஒரு வருடத்திலேயே பயிற்சியாளர் சான்றிதழின் முதல் கட்டத்தையோ தொலைதூரப் பட்டப்படிப்பையோ தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயண நாட்களில் நேரம் நிறையவே இருக்கிறது.

அப்பாவின் பணத்தை இனி அவரிடம் கணக்குச் சொல்லாமல் தொட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவர் எதுவும் கேட்காததால் நீங்களும் எதுவும் காட்டவில்லை. நான்கு வருட வரவு செலவை ஒரு தாளில் எழுதி அவர் எதிரில் வையுங்கள். அடுத்த 52 வாரத்துக்கு எவ்வளவு தேவை, அதில் கிளப் லீக், கம்பி கட்டுவது, பயிற்சித் துணை வேலை மூலம் எவ்வளவு வரும், எவ்வளவு துண்டு விழும் என்று கணக்காகச் சொல்லுங்கள். துண்டு விழும் தொகையை அவர் தர விரும்பினால் அதற்கு ஓர் உச்சவரம்பு இருவரும் சேர்ந்து போட்டுக்கொள்ளுங்கள். அது தீர்ந்தால் அந்த வருடத்துக்கு ஆட்டம் முடிந்தது. ஃபோன் செய்தி விஷயத்தையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். தோற்ற அன்று இரவு சூதாடிகள் அனுப்பும் வசவுகள் உங்களுக்கும் வந்திருக்கும், அதையும் மறைக்க வேண்டாம். போட்டி வாரங்களில் தெரியாதவர்கள் செய்தி அனுப்பும் வசதியை அணைத்தே வையுங்கள்.

ஐடிஐஏவுக்கு எழுதியதும், மருத்துவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள். முழங்கையைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று தெரிந்தால், அந்த எட்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது என்று விவரமாக எழுதுகிறேன்.